விபத்தில்லாத தொண்ணூற்றேழு நாட்கள்

என் அக்கா வீட்டுக்காரரைத் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முகத்துக்கு நேரே 'ஹெல்மெட் சார்', முதுகுக்குப் பின்னால் வெறும் 'ஹெல்மெட்'. தகர டப்பா செய்கிற தொழிற்சாலை அது. அவர் அங்கே பாதுகாப்பு அதிகாரி. தகரம் வெட்டுப்படலாம், விரல் வெட்டுப்படக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்குச் சம்பளம்.

அந்த வேலையை வாசலோடு விட்டுவிட்டு வீட்டுக்குள் வருகிற பழக்கம் அவருக்கு இல்லை. எங்கள் குடும்பத்தின் பிரச்சினையே அதுதான்.

அக்கா வீட்டில் அலமாரிகள் எல்லாம் சுவரோடு சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும். குழந்தை பிடித்து ஏறினால் மேலே சாயக் கூடாதாம். ஜன்னல் ஓரத்தில் நாற்காலி, ஸ்டூல் எதுவும் கிடையாது. அடுப்பின் மேல் வைத்த வாணலியின் கைப்பிடி சுவரைப் பார்த்துத்தான் திரும்பியிருக்க வேண்டும். குளியலறை பக்கெட்டில் ஒரு சாண் தண்ணீர் மிச்சமிருந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது. மாத்திரைகள் பூட்டுப் போட்ட பெட்டியில் இருக்கும். ஒருமுறை எனக்குத் தலைவலி வந்தபோது அந்தச் சாவி கிடைப்பதற்குள் தலைவலியே சலித்துப் போய்விட்டது. திராட்சையை நீளவாக்கில் நறுக்கித்தான் மகன் சின்னவனுக்குக் கொடுப்பார். முழுத் திராட்சையை நான் வாயில் போட்டுக்கொண்டால்கூட என் தொண்டையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

கிண்டல் செய்கிறேனே தவிர, இதில் ஒன்றைக்கூடத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் மாடியிலேயே எதிர்வீட்டுக் குழந்தை மேசை விரிப்பைப் பிடித்து இழுத்து, சுடச்சுட டீயைத் தோளில் கொட்டிக்கொண்டது. அந்த வீட்டம்மா அலறிய அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. மஞ்சளையும் பற்பசையையும் தடவப் போனவர்களைத் தள்ளிவிட்டு, குழாயடியில் இருபது நிமிஷம் குழந்தையின் தோளைக் காட்டிக்கொண்டு நின்றவர் அத்தான்தான். தழும்பு பெரிதாக விழவில்லை. அன்றிலிருந்து அந்த மாடியில் யார் வீட்டிலும் மேசைக்கு விரிப்பு கிடையாது.

அத்தானிடம் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். அவருக்குக் கோபம் வராது, குரல் வரும். யாராவது தவறு செய்துவிட்டால் விசாரணைக் குரல் என்று ஒன்றை எடுப்பார். சத்தம் போட மாட்டார். ஒவ்வொரு வார்த்தையாக அளந்து வைப்பார். "எத்தனை மணிக்கு? யார் பக்கத்துல இருந்தா? ஏன் அப்படிப் பண்ணின?" என்று மூன்று கேள்வி கேட்பதற்குள், செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்ளலாம் போலிருக்கும். தொழிற்சாலையில் இருநூறு பேர் அந்தக் குரலுக்கு நடுங்குவார்கள். வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவருடைய எட்டு வயது மூத்த மகள், எங்கள் பெரியவள்.

பலகை வந்த கதைக்கு வருகிறேன். அந்தப் பலகையைச் செய்து கொடுத்த பாவி நான்தான்.

எனக்கு ஸ்டிக்கர், பெயர்ப்பலகை எல்லாம் அச்சடிக்கிற சின்னக் கடை. பெரியவள் சோபாவிலிருந்து குதித்து மோவாயில் மூன்று தையல் போட்டுக்கொண்ட வாரம், அத்தான் கடைக்கு வந்தார்.

"மச்சான், எங்க ஃபேக்டரி கேட்ல ஒரு போர்டு இருக்குல்ல, அதே மாதிரி சின்னதா ஒண்ணு வேணும்."

"எதுக்கு அத்தான்?"

"வீட்டுக்கு."

தொழிற்சாலை வாசலில் பச்சை நிறத்தில் ஆளுயரப் பலகை ஒன்று உண்டு. 'விபத்தில்லாத நாட்கள்' என்று எழுதி, கீழே கொக்கிகளில் எண்கள் தொங்கும். தினமும் ஒன்று கூடும். யாருக்காவது ஒரு கீறல் விழுந்தால் பூஜ்யத்துக்குத் திரும்பும். அதையேதான் வீட்டுக் கூடத்துக்கும் கேட்டார். நானும் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. நட்சத்திரம் போட்டு, ஓரத்தில் யானைக்குட்டி ஒன்றை வரைந்து, மூன்று கொக்கி வைத்துக் கொடுத்தேன். அத்தான் நான்கு ஸ்க்ரூ அடித்துச் சுவரில் மாட்டினார். அலமாரியே ஆடாத வீட்டில் பலகை எங்கே ஆடப்போகிறது?

விதிகள் அன்றைக்கே அறிவிக்கப்பட்டன. ரத்தம், வீக்கம், உடைசல், விழுங்கல் இதில் எது நடந்தாலும் பூஜ்யம். நூறு நாள் தாண்டினால் பரிசு. என்ன வேண்டும் என்று கேட்டதற்குப் பெரியவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"ரயில்ல மேல் பெர்த்ல தூங்கணும்."

பாதுகாப்பு அதிகாரியிடம் போய் எதைக் கேட்கிறாள் பாருங்கள். அத்தானின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. அந்தத் தடுப்புக் கம்பி எத்தனை அங்குலம் என்று மனதுக்குள் அளந்திருப்பார். ஆனாலும் வாக்குக் கொடுத்தார்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குக் கூடத்தில் நின்று "இன்னிக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்பார். "இல்லப்பா!" என்று பெரியவள் கத்துவாள். அக்காவின் இடுப்பில் இருக்கிற சின்னவனும், இரண்டரை வயசு வாண்டு, என்ன ஏது என்று தெரியாமலே "இல்லப்பா!" என்பான். எண் மாறும். கைதட்டல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இருபது, முப்பது, ஐம்பது என்று ஏறிக்கொண்டே போனது. அத்தான் தொழிற்சாலையில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டார். அக்கா மட்டும் ஒருநாள், "ரெண்டு பிள்ளைங்க இருக்கிற வீட்ல அம்பது நாளா ஒரு கீறல்கூட இல்லயாம். கேட்டா சிரிப்பாங்க" என்றாள். நாங்கள் இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எழுபத்தோராவது நாள் என்று ஞாபகம். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பெரியவள் கணுக்கால் வரை மூடிய பேன்ட் போட்டுக்கொண்டு என் கடைக்கு வந்தாள். நடையில் ஒரு சாய்வு.

"கால்ல என்ன?"

கதவுப் பக்கம் பார்த்துவிட்டு பேன்ட்டைத் தூக்கிக் காட்டினாள். முழங்கால் தோல் உரிந்து, பஞ்சும் காகிதமும் ஒட்டிக் காய்ந்திருந்தது. பள்ளியில் விழுந்து இரண்டு நாளாகிறதாம்.

"மாமா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. எழுபத்தொண்ணு மாமா!"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போய் அக்காவிடம் காட்டியிருக்க வேண்டும். நான் செய்தது இதுதான்: தண்ணீர் விட்டுக் கழுவி, மருந்து போட்டு, நட்சத்திர ஸ்டிக்கர் ஒன்றைப் பிளாஸ்திரி மேல் ஒட்டி, "நமக்குள்ள இருக்கட்டும்" என்று கண்ணடித்து அனுப்பினேன். நல்ல மாமா என்று பேர் வாங்குகிற ஆசை. அதைவிட மோசமான ஆசை ஒரு மாமாவுக்குக் கிடையாது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

தொண்ணூற்றேழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது கொக்கிக்கு அதுவரை வேலையே இருக்கவில்லை. நூறு வரப்போகிறதே என்று தங்க நிறத்தில் '1' ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு பதினொன்றரைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் நாற்காலி ஒன்றின் காலை இறுக்கிக்கொண்டிருந்தார். பெரியவள் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். தொலைக்காட்சியில் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்தது, அவள் பார்க்கவில்லை. தங்க நிற எண்ணை நீட்டினேன். வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"என்னடி, குதிப்பேன்னு நினைச்சேன்?"

"தேங்க்ஸ் மாமா" என்றாள். அவ்வளவுதான்.

சமையலறையில் அக்கா சின்னவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பிசைந்த வாழைப்பழத்தை வாயில் வைத்தால் துப்புகிறான். எச்சில் மோவாயில் வழிந்து சட்டை நனைந்திருந்தது.

"பல்லு வருது போலருக்கு. காலையில நல்லாத்தான் சாப்பிட்டான்" என்றாள் அக்கா.

அதைக் கேட்டதும் அத்தான் ஸ்பேனரைக் கீழே வைத்தார். வந்து சின்னவனைப் பார்த்தார். அவன் விழுங்க முயன்று, முகம் சுளித்து, லேசாக இருமினான். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. நன்றாக இருந்த குழந்தை திடீரென்று எச்சில் ஒழுக்கிக்கொண்டு சாப்பிட மறுத்தால், எதையோ விழுங்கியிருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அத்தானுக்கு அது தெரியும். அக்காவின் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி மேடையில் வைத்தார்.

"இனிமே ஒண்ணும் குடுக்காத. வாந்தி எடுக்கவும் வைக்காத."

பிறகு கூடத்துக்கு வந்து பெரியவள் முன்னால் நின்றார்.

"தம்பி எதையாவது வாயில போட்டானா?"

"இல்லப்பா."

"நீங்க ரெண்டு பேரும் என்ன விளையாடினீங்க? எத்தனை மணிக்கு? யார் பக்கத்துல இருந்தா?"

விசாரணைக் குரல் வந்துவிட்டது. பெரியவள் சோபாவோடு சோபாவாக ஒடுங்கினாள்.

"இல்லப்பா. ஒண்ணும் போடல."

சொல்லும்போது அவள் கண் ஒரு தடவை பலகைக்குப் போய்விட்டுத் திரும்பியது. ஒரே ஒரு தடவை. நான் பார்த்தேன். அத்தானும் பார்த்தார்.

என் வாழ்க்கையில் அத்தான் அவசரப்பட்டு நான் பார்த்தது அன்றுதான். நான்கே எட்டில் சுவருக்குப் போய் ஒன்பதையும் ஏழையும் கொக்கியிலிருந்து பிடுங்கினார். ஒரு கொக்கி அவர் விரலைக் கிழித்தது. இரண்டு எண்களையும் என் கையில் திணித்து, "வெளிய கொண்டு போ மச்சான்" என்றார். எண்களைப் பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். அவர் பெரியவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது. அது அவருடைய குரல்தானா என்றுகூட எனக்குச் சந்தேகமாயிருந்தது.

"நம்பர் போச்சு பாப்பா. இப்ப பூஜ்யம். நீ என்ன சொன்னாலும் இனிமே குறையறதுக்கு ஒண்ணுமில்ல. ரயிலுக்கும் போறோம். தம்பிக்கு என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்லு."

அவள் வாய் கோணிக்கொண்டது.

"முழுங்கிட்டான்ப்பா. காசு மாதிரி, ரவுண்டா, பளபளன்னு. கடை விளையாடினோம். நான் பிடுங்கறதுக்குள்ள..."

"எங்க இருந்துச்சு அது?"

"சாப்பாட்டு மேசைல. அந்தக் குட்டிக் கப்புல."

அத்தானுக்கு முகத்தில் ரத்தமே இல்லாமல் போனது. அது காசு இல்லை. பட்டன் பேட்டரி.

அடுத்த நிமிஷம் நாங்கள் படியில் இருந்தோம். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டியை நான்தான் ஓட்டினேன் என்று பிறகு சொன்னார்கள். மருத்துவமனைக்குப் போன் செய்து "ரெண்டரை வயசுப் பையன், பட்டன் பேட்டரி, வந்துக்கிட்டிருக்கோம்" என்று அத்தான் சொன்னது மட்டும் ஞாபகமிருக்கிறது. வாசலிலேயே ஆள் நின்றது.

எக்ஸ்ரேயில் சின்னவனின் நெஞ்சுக்கு மேலே, உணவுக்குழாயில், வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்த வேகத்திலேயே கேட்டார்.

"எத்தனை மணிக்கு முழுங்கினான்?"

அக்கா என்னைப் பார்த்தாள், நான் அத்தானைப் பார்த்தேன். பெரியவள் அத்தானின் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"கார்ட்டூன் ஆரம்பிச்சப்போ. பதினொரு மணிக்கு."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டே கால்.

"நல்லது" என்றார் டாக்டரம்மா. "காசுன்னா சில சமயம் காத்திருந்து பார்க்கலாம். இது அப்படியில்ல, உள்ள இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் சுடும். ரெண்டு மணி நேரத்துல புண்ணாக்கிடும். நேரம் தெரிஞ்சது எங்களுக்குப் பெரிய உதவி." சொல்லிக்கொண்டே சின்னவனை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே பச்சை நிற நாற்காலிகள். அக்கா அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, "எங்க இருந்து வந்துச்சு? எந்தப் பொம்மைல இருந்து? நான் எல்லாத்தையும் பார்த்துத்தானே வாங்கறேன்? நான் எதைப் பார்க்காம விட்டேன்?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். பெரியவள் சுவரோரம் நின்று, "என்னாலதான். எல்லாம் என்னாலதான்" என்றாள்.

அத்தான் பெரியவள் பக்கத்தில் போய் நின்றார். நூறு விசாரணை அறிக்கை எழுதின மனிதர். 'ஏன்' என்று கேட்டு, வந்த பதிலுக்கும் 'ஏன்' என்று கேட்டு, காரணத்தின் வேர் வரைக்கும் போவார். அந்த வேர் எங்கே இருக்கிறது என்று அந்த வராந்தாவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் பொம்மையின் மேலேயே பழி போயிருக்கும். கட்டின மனைவியிடமும் பெற்ற பெண்ணிடமும், அதுவும் மச்சான் முன்னால், ஹெல்மெட் எப்படிச் சொல்வார்?

சொன்னார்.

"நான்தான் வெச்சேன்."

அக்கா திரும்பினாள்.

"சமையலறைத் தராசுல நேத்து பேட்டரி மாத்தினேன். பழசைக் குப்பையில போடக் கூடாது, ஃபேக்டரியில அதுக்குன்னு ஒரு டப்பா இருக்கு, திங்கட்கிழமை கொண்டு போகலாம்னு ஒரு கப்புல போட்டு மேல் அலமாரில வெச்சிருந்தேன். இன்னிக்குக் காலையில, மறந்துடக் கூடாதுன்னு எடுத்து மேசைல வெச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "பாப்பா, நீ பண்ணது ஒரு தப்பு. உடனே சொல்லல. நான் பண்ணது ரெண்டு. பேட்டரியை வெச்சது ஒண்ணு. நீ சொல்ல முடியாதபடி அந்தப் பலகையை மாட்டினது ஒண்ணு. ரெண்டாவதுதான் பெருசு."

நானும் முழங்கால் கதையைச் சொன்னேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். ஏதோ பிழைத்தேன்.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. குழாய் ஒன்றை வாய் வழியாக இறக்கிப் பேட்டரியை எடுத்துவிட்டார்கள். லேசான புண்தான், ஓட்டை இல்லை, சில நாள் உள்ளேயே இருக்க வேண்டும், அப்புறம் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. எங்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. போகிற போக்கில் குனிந்து பெரியவளிடம், "நீ சொன்ன நேரம்தான்மா தம்பிக்கு மருந்து" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா அதற்கப்புறம்தான் அழுதாள்.

சின்னவன் பத்தே நாளில் பழைய வாண்டாகிவிட்டான். பெரியவள் ஆகவில்லை. நாங்கள் எல்லோரும் பயந்தது அதற்குத்தான். 'நான் வாயைத் திறக்காததால் தம்பி செத்துப்போயிருப்பான்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, அவள் வாயையே மூடிக்கொண்டாள். பள்ளியில் என்ன நடந்தது என்றால் "ஒண்ணுமில்ல". காலில் என்ன என்றால் "ஒண்ணுமில்ல". பரிசாக இல்லை, சும்மா போகலாம் என்று அத்தான் ரயிலில் மேல் பெர்த்துக்குக் கூட்டிப்போனார். ஏறிப் படுத்தாள், சிரித்தாள், கீழே இறங்கி மறுபடி ஒண்ணுமில்ல ஆனாள். பேட்டரியை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள், இதை எப்படி எடுப்பது என்று அக்கா என்னிடம் கேட்டாள். நாளைக்கு இதைவிடப் பெரிதாக ஏதாவது நடந்தால் இவள் நம்மிடம் சொல்வாளா? அந்த வீட்டில் அப்போது கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.

பலகையைக் கழற்றின இடத்தில் நான்கு ஓட்டைகள் இருந்தன. அத்தான் அவற்றை அடைத்துச் சாயம் பூசினார். ஒரு வாரம் கழித்து, சாயங்காலச் சாப்பாட்டின்போது, யாரும் கேட்காமல் தானாகவே ஆரம்பித்தார்.

"இன்னிக்கு நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். வெளியில யாரும் இல்லன்னு நினைச்சு, லிஃப்ட் கதவை மூடற பட்டனை அமுக்கிட்டேன். ஒரு பெரியவர் கை மாட்டப் பார்த்துச்சு. மன்னிப்பு கேட்டேன். இனிமே எட்டிப் பார்த்துட்டு அமுக்கணும்."

சொல்லிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். மறுநாள் இன்னொன்று. அதற்கு மறுநாள் இன்னொன்று. சில நாட்களில் தப்பே கிடைக்காமல் திண்டாடினார். அன்றைக்கெல்லாம் அக்கா, "நான் சொல்லட்டுமா உங்க லிஸ்ட்டை?" என்று கை கொடுப்பாள். நான் போகிற நாட்களில் என்னையும் விட மாட்டார்கள். வாடிக்கையாளர் ஒருவரின் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் படத்துக்குப் பதில் அவர் தம்பியின் படத்தைப் போட்டு ஐந்நூறு அடித்ததை அந்த மேசையில்தான் ஒப்புக்கொண்டேன். மூன்று மாதத்தில் பெரியவள் முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

வீட்டில் ஆரம்பித்தது தொழிற்சாலைக்கும் போனது. வாசல் பலகையில் அப்போது நானூற்றுப் பன்னிரண்டு. தகரம் வெட்டுகிற இடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு நாள் ஒருவர் கையிலும் கீறல் இல்லை என்றால் அது அதிசயம், இல்லையென்றால் பொய். அத்தான் ஒவ்வொரு இயந்திரமாகப் போய், "சொல்றவங்க மேல நடவடிக்கை கிடையாது, எழுதியே தரேன்" என்றார். முதலில் தகரத்தை அழுத்தி வெட்டுகிற பிரஸ்ஸை ஓட்டுகிற அம்மா ஒருவர் கையுறையைக் கழற்றிக் காட்டினாராம். எட்டு மாதத்துக்கு முந்தைய தழும்பு. அந்த வாரமே பதினேழு பேர் சொன்னார்கள். பலகை பூஜ்யத்துக்கு வந்ததில் மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் பதினேழில் ஒன்பது பேருக்கு ஒரே இயந்திரத்தில்தான் காயம் என்று தெரிந்ததும், அதன் தடுப்பை மாற்றக் கையெழுத்துப் போட்டார். அத்தானிடம் இப்போதெல்லாம் ஆட்கள் தாங்களாகவே வந்து சொல்கிறார்கள்.

வீட்டு மேசைக்கு ஒரே ஒரு விதிதான். சொன்னதற்காகத் திட்டு கிடையாது. உடைத்ததைக் கூட்ட வேண்டும், சிந்தியதைத் துடைக்க வேண்டும், அடித்திருந்தால் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதிலெல்லாம் அக்கா ஒரு பிடி விட்டுக்கொடுக்க மாட்டாள். குரல் மட்டும் உயரக் கூடாது. அத்தானுக்கு அது எளிதாக இருக்கவில்லை. ஒருநாள் சின்னவன் சுவர்ப் பிளக்கில் கரண்டியை விடப் பார்த்ததைப் பெரியவள் முதல் தடவையாகச் சொன்னபோது, விசாரணைக் குரல் தொண்டை வரை வந்துவிட்டது. மனிதர் ஒரு டம்ளர் தண்ணீர் முழுவதையும் மடக்கு மடக்காகக் குடித்து, அப்புறம்தான் "சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். போய் மூடியை மாட்டினார். பெரியவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது. கணக்கில் வாங்கிய முட்டை, தோழியின் டப்பாவிலிருந்து எடுத்த ரப்பர், அக்காவிடம் சொன்ன பொய். சில நாள் கேட்கவே முடியாத அளவுக்குப் பேசினாள்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை நான் சாப்பிடப் போயிருந்தேன். அத்தான் தன்னுடையதைச் சொல்லி முடித்தார். அக்கா தன்னுடையதைச் சொன்னாள். சின்னவன் பள்ளியில் ஒருவனைக் கடித்ததை ஏதோ பதக்கம் வாங்கியதுபோல் சொன்னான். பெரியவள் தட்டில் கையை வைத்தபடி ஆரம்பித்தாள்.

"என்னோடது தப்பான்னு தெரியல. டிராயிங் கிளாஸ்ல இன்னிக்கு எல்லாரும் போனப்புறம் சார் என்னை மட்டும் இருக்கச் சொன்னாரு. சாக்லேட் குடுத்தாரு. நீதான் ஸ்பெஷல், அடுத்த வாரத்துலேருந்து தனியா கூட்டிட்டுப் போய் சொல்லித் தரேன்னாரு. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள ரகசியம், வீட்ல சொன்னா திட்டுவாங்க, சொல்லாதன்னாரு." தோளைக் குலுக்கினாள். "நம்ம வீட்ல சொன்னா திட்ட மாட்டாங்களேன்னு நினைச்சேன். அதான் சொல்றேன்."

அக்காவின் கை பாதி வழியில் நின்றது. அத்தான் கண்ணை மூடித் திறந்தார். எதிரிலிருந்த டம்ளர் தண்ணீரை முழுவதும் குடித்தார்.

"வேற ஏதாவது சொன்னாரா? தொட்டாரா?"

"இல்லப்பா. அவ்ளோதான். நான் அம்மா வந்துட்டாங்கன்னு ஓடி வந்துட்டேன்."

"ரொம்ப நல்லா பண்ணின. உன் மேல ஒரு தப்பும் இல்ல. இனிமே இதை நானும் அம்மாவும் பார்த்துக்கறோம்" என்றார்.

கேட்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் காலையிலேயே இருவரும் அந்த வகுப்பை நடத்துகிறவர்களிடம் போனார்கள், புகாரை எழுதிக் கொடுத்தார்கள். மற்ற பெற்றோரையும் கூப்பிட்டுப் பேசினார்கள். இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதே சாக்லேட், அதே ரகசியம். அந்த ஆள் இப்போது அங்கே இல்லை. விஷயம் காவல் துறையிடம் இருக்கிறது. எந்தக் குழந்தைக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை. முதல் நாளே தெரிந்துவிட்டது.

அன்றைக்கு அந்த மேசையில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் மூன்று பெரியவர்களும் அடுத்த கவளத்தை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தோம். பெரியவள் மட்டும் சுமையை இறக்கி வைத்த நிம்மதியில் நன்றாகச் சாப்பிட்டாள். தண்ணீர் குடித்தாள். தம்பியின் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, எல்லாரும் சொல்லியாச்சு. நீங்க இன்னிக்கு என்ன பண்ணினீங்க?"